சிறு உழவு யந்திரம் வாங்க நினைக்கும் எம்மவர்களுக்கு

தொழிற்சாலைச் சம்பளத்தை மட்டும் நம்பியிராமல், பக்கத்தில் ஒரு சிறு தொழிலும் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் எம்மவர்களில் ஏராளம். பத்திரிகை போட்டோம், கட்டடங்கள் கூட்டித் துடைத்தோம், சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவினோம். அண்மைக் காலமாக நண்பர்கள் கூடுமிடங்களில் பேசப்படும் இன்னொரு தொழில் பனி அள்ளுவது. முன்னுக்கு லோடர் பூட்டிய சிறிய உழவு யந்திரம் ஒன்று இருந்தால் மார்கழி தொடக்கம் பங்குனி வரை கடைகளின் பின்வளவுகளையும் வாகனத் தரிப்பிடங்களையும் துப்புரவாக்கிச் சம்பாதிக்கலாம். கோடையில் மண், சல்லி ஏற்றலாம் என்பதே கணக்கு.

வில்லரேயில் வசிக்கும் நாங்கள் நான்கு குடும்பத்தவர் இதற்கென்று சீட்டுக் காசை ஒன்றுசேர்த்து, கடந்த இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகள் எல்லாவற்றையும் யந்திரம் விற்கும் இடங்களிலே கழித்தோம். எங்களில் எவரும் படித்த பொறியியலாளர் அல்லர். ஆனால் அச்சு யந்திரங்களோடும் போர்க்லிப்ற்றோடும் நாள் முழுவதும் நிற்பவர்கள். விசாரித்தும் வாசித்தும் அறிந்துகொண்டதை, இதே எண்ணத்தோடு இருக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: குதிரைவலுவைப் பார்த்து வாங்க வேண்டாம். வேலையைப் பார்த்து, பாரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஊரில் கண்ட யந்திரம்

வயல் உழுத மசி பேர்கஸனை அறியாதவர் எம்மில் இல்லை. அந்தப் பெயரில் பாதி கனடாவுக்குரியது. ஒன்ராறியோ மாகாணத்தின் நியூகாசிலில் 1847இல் டானியல் மசி தொடங்கிய பட்டறை, 1891இல் ஹரிஸ் கொம்பனியோடு சேர்ந்து மசி ஹரிஸ் ஆனது. 1953இல் ஹரி பேர்கஸன் என்ற அயர்லாந்துக்காரரின் நிறுவனத்தோடு இணைந்தது.

இந்தப் பேர்கஸன் செய்த பெரிய காரியம், கலப்பையை யந்திரத்தின் பின்புறத்தில் மூன்று புள்ளிகளில் பூட்டி ஹைட்ரோலிக்கால் தூக்கி இறக்கும் முறையாகும். அதற்கு முன் கலப்பையை வெறுமனே சங்கிலியாலோ கம்பியாலோ இழுத்தார்கள். கலப்பை கல்லிலோ வேரிலோ கொழுவினால் முன்சில்லு எழும்பி, யந்திரம் பின்பக்கமாகப் பிரண்டு ஓட்டுபவர் மேல் விழும். மூன்று புள்ளி முறையில் கலப்பையின் இழுவை பின்சில்லை நிலத்தோடு அழுத்தியதோடு, அந்த ஆபத்தும் குறைந்தது. இன்று சின்னஞ்சிறு யந்திரங்களிலும் இதே முறைதான் உள்ளது. பாரம் எங்கே விழுகிறது என்ற கேள்வி உழவு யந்திரத்தோடு கூடப் பிறந்த கேள்வி என்பதை விளங்கிக்கொள்ளவே இந்தக் கதையைச் சொன்னோம்.

முதலில் வேலையை எழுதுங்கள்

விற்கும் இடத்துக்குப் போகமுன் ஒரு தாளில் செய்யப்போகும் வேலைகளை எழுதிக்கொள்ளுங்கள். எங்கே, எவ்வளவு அகலம், என்ன பாரம், எத்தனை மணி நேரம், அள்ளியதை எங்கே போடுவது என்பன வரவேண்டும்.

லவால் பக்கத்திலும் தீவின் மேற்குப் பக்கத்திலும் வீட்டு முன்வாசல்களில் பனி எடுக்கும் பெரிய யந்திரங்களைக் கண்டிருப்பீர்கள். பனியை வீசும் புளோவரை அவற்றின் பின்னால், வாய் முன்பக்கம் பார்க்கும்படி பூட்டியிருப்பார்கள். புளோவரைத் தூக்கியபடி பின்னுக்குப் போய், கராஜ் கதவடியில் இறக்கி, முன்னுக்கு வந்துகொண்டே பனியைப் புற்தரையில் வீசுவார்கள். இப்படிப்பட்ட புளோவர்களைச் செய்யும் நோர்மண்ட், புரோனோவோ ஆகிய இரண்டு கொம்பனிகளும் கியூபெக்கைச் சேர்ந்தவையே. யந்திரப் பனி வீசியை வெற்றியாகச் செய்து விற்றவரும் எங்கள் அயலவரே. சென் லெயோனாரில் பிறந்த ஆர்தர் சிக்கார் 1925இல் அதைச் செய்து, 1927இல் முதலாவதை உத்ரமோன் நகருக்கு விற்றார்.

ஆனால் வில்லரே லவால் அல்ல. இங்கே இரண்டு தட்டு, மூன்று தட்டு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. வெளியே இரும்புப் படிக்கட்டு, பின்னால் ஒடுங்கிய ஒழுங்கை. பனியை வீசுவதற்குப் புற்தரை இல்லை. வீசினால் அயலவரின் படிக்கட்டிலோ காரிலோ விழும். இங்கே அள்ளி ஒரு மூலையில் குவிக்க வேண்டும், அல்லது லொறியில் ஏற்ற வேண்டும். ஆகவே எமது பகுதிக்கு லோடர் முதலில், புளோவர் பிறகு. லவாலில் வேலை செய்பவருக்கு இது தலைகீழ்.

ஊரில் உறவினருக்கு யந்திரம் வாங்கக் காசு அனுப்புவோருக்கும் இதே விதிதான். வன்னியில் சேற்று வயல் உழவும், பெட்டி பூட்டி நெல்லும் கல்லும் மண்ணும் ஏற்றவும் பாரமான யந்திரம் வேண்டும். சேற்றுக்கு இரும்புச் சில்லு வேண்டும். உழும்போது முன்னுக்குத் தொங்கும் லோடர் அங்கே வீண் சுமை. அந்தக் காசுக்கு நல்ல பெட்டி ஒன்று எடுத்தால் அதுவே உழைத்துத் தரும்.

பனிக்கும் பாரம் உண்டு

மொன்றியலில் ஒரு குளிர்காலத்தில் சராசரியாக இரண்டு மீற்றர் அளவில் பனி விழுகிறது. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீற்றர் 100 கிலோ அளவில் அல்லது அதிலும் குறைவாக இருக்கும். மிதிபட்டு, உருகி, மீண்டும் உறைந்தால் 400 கிலோவை எட்டிவிடும். நகரசபை வண்டி தள்ளிவிட்டுப் போன பனி உங்கள் வாசலில் வரம்பாகக் கிடப்பது இந்த இரண்டாவது வகை. எமது போறோவுக்குள்ளேயே, சென் மிசேலில் உள்ள பிராங்கோன் கற்குழியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நகரின் பனி மலையாகக் கொட்டப்படும் அந்த இடத்தில் கோடை வந்த பிறகும் அழுக்குப் பனி கரையாமல் கிடக்கும்.

இப்போது கணக்குப் பார்ப்போம். நான்கு அடி அகலமான சிறிய பக்கற் ஒன்றில் குவித்து அள்ளினால் ஏறத்தாழ 0.2 கன மீற்றர் கொள்ளும். புதுப் பனி என்றால் 20 கிலோ. இறுகிய பனி என்றால் 80 கிலோ. ஈரச் சல்லி ஒரு கன மீற்றர் 1,800 கிலோ அளவில் வரும். அப்படியானால் அதே பக்கற்றில் 360 கிலோ! பனிக்கு விளையாட்டாகத் தெரியும் லோடர் கோடையில் சல்லி அள்ளும்போது திணறுவது இதனாலேயே.

மிகச் சிறிய வகை யந்திரங்களின் லோடர்கள் 700 தொடக்கம் 1,000 இறாத்தல் வரை, அதாவது 320 தொடக்கம் 450 கிலோ வரை தூக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. அது பெரும்பாலும் லோடர் கையின் நுனியில், பக்கற் பூட்டும் ஆணியடியில் அளந்தது. பாரம் அதற்கு முன்னால் தள்ளிப் போகப் போகத் தூக்கும் அளவு குறையும். பக்கற்றின் சொந்த நிறையையும் கழிக்க வேண்டும். முள்ளுக்கரண்டி போன்ற போர்க் பூட்டிப் பலகைத் தட்டோடு சாமான் தூக்கும்போது பாரத்தின் நடு இரண்டு அடி முன்னால் நிற்பதால் இன்னும் குறையும். ஆகவே விற்பவரிடம், "ஆணியடியில் எவ்வளவு? 500 மில்லிமீற்றர் முன்னால் எவ்வளவு? முழு உயரத்தில் எவ்வளவு?" என்று மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

துலாவை நினைத்துப் பாருங்கள்

ஊரில் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்ததை எம் தலைமுறையில் சிலராவது கண்டிருப்போம். ஆடுகால் நடுவில், ஒரு பக்கம் பட்டையும் தண்ணீரும், மறுபக்கம் துலாவில் நடக்கும் ஆள். ஆள் பின்னுக்குப் போனால்தான் பட்டை மேலே வரும்.

லோடர் பூட்டிய யந்திரமும் அப்படித்தான். முன் அச்சுத்தான் ஆடுகால். பக்கற்றில் பாரம் ஏறினால் பின்பக்கம் எழும்பப் பார்க்கும். பல சிறு யந்திரங்களில் பிரேக் பின்சில்லில் மட்டுமே உண்டு. பின்சில்லு நிலத்தை நன்றாக அழுத்தாவிட்டால் சறுக்கலில் பிரேக் பிடித்தும் நிற்காது. மேடு பள்ளத்தில் ஒரு பக்கம் சரிந்தால் யந்திரம் புரளும். எனவே பின்னுக்குப் பாரம் கட்டாயம் வேண்டும். சில்லுக்குள் திரவம் நிரப்பலாம், சில்லில் இரும்புத் தட்டுப் பூட்டலாம், பின்னால் கொங்கிறீற் நிரப்பிய பெட்டி பூட்டலாம். நாங்கள் கண்ட ஒரு விற்பனையாளர், "பனிக்கு இதெல்லாம் தேவையில்லை" என்று சிரித்தார். யந்திரத்தோடு வரும் கைநூலைப் பிரித்துப் பார்த்தோம். லோடருக்கு எவ்வளவு பின்பாரம் வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. விற்பவர் சொல்வதை விட்டு, நூல் சொல்வதைக் கேளுங்கள்.

பின்னால் புளோவர் பூட்டினால் அதுவே பின்பாரமாகவும் இருக்கும் என்பது இன்னொரு வசதி. முன்னால் அள்ளவும் பின்னால் வீசவும் ஒரே யந்திரம் போதும். எதைத் தூக்கினாலும் ஓடும்போது பக்கற்றை நிலத்திலிருந்து ஓர் அடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரைவலு எவ்வளவு?

எங்களில் இளையவர், "அண்ணை, எப்படியும் வாங்கத்தானே போறம், நாற்பது குதிரைவலுவாக எடுத்தால் என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பெரியது என்றால் அகலம் கூடும், நிறையும் கூடும். மிகச் சிறிய வகையே லோடரோடு ஒரு தொன்னை ஒட்டி வரும். நாற்பது குதிரைவலு என்றால் ஏறத்தாழ இரண்டு தொன். அதை இழுக்கப் பெரிய பிக்கப்பும் பாரமான ட்ரெயிலரும் வேண்டும். எங்கள் ஒழுங்கையில் திரும்பவும் இடம் போதாது.

இன்னொரு விடயமும் உண்டு. 25 குதிரைவலுவுக்கு மேற்பட்ட டீசல் என்ஜின்களுக்கு 2013 முதல் புகைக் கட்டுப்பாடு இறுக்கமாகியது. அதனால் பல என்ஜின்களில் புகைக்கரி பிடிக்கும் வடிகட்டி பூட்டப்பட்டது. அந்த வடிகட்டி இடைக்கிடை சூடேறித் தன்னைத் தானே எரித்துத் துப்புரவாக்க வேண்டும். பத்து நிமிடம் ஓடி நிறுத்தி, ஐடிலில் விட்டுக் கோப்பி குடித்து, மீண்டும் ஓடும் வேலைக்கு அது அடைபடும். பல கொம்பனிகள் 25க்குச் சற்றுக் குறைவாகவே என்ஜின் செய்வது ஏன் என்று இப்போது விளங்கும்.

என்ஜினின் குதிரைவலு முழுவதும் பின்னால் சுழலும் தண்டுக்கு வராது என்பதையும் கவனியுங்கள். புளோவரையோ புல்வெட்டியையோ சுழற்றுவது பி.ரி.ஓ. எனப்படும் அந்தத் தண்டுதான். தண்டில் கிடைக்கும் அளவைத் தனியாகக் கேளுங்கள். அகலம் ஓர் அடிக்கு ஐந்து குதிரைவலு என்பது பழைய கைக்கணக்கு. 20 கிடைத்தால் நான்கு அடிக் கருவி சுகமாக ஓடும்.

கியரா, ஹைட்ரோஸ்ரற்றிக்கா என்பது அடுத்த கேள்வி. உழவுக்குக் கியர் நல்லது, சக்தி வீணாகாது. லோடர் வேலை முன்னும் பின்னும் நூறு தரம் போய்வரும் வேலை. அதற்குக் கிளச் மிதிக்காமல் மிதியால் முன் பின் போகும் ஹைட்ரோஸ்ரற்றிக்தான் காலுக்கும் முதுகுக்கும் ஆறுதல். போர்க்லிப்ற் ஓட்டியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்.

இணைப்புகள்

யந்திரத்தின் விலையைவிட இணைப்புகள்தான் மெல்ல மெல்லக் காசைக் கரைக்கின்றன. புதிய யந்திரமே ஒரு சின்னக் காரின் விலை. அதன் மேல் புளோவர், போர்க், பிளேட், சங்கிலி என்று ஏறும். எல்லாவற்றையும் முதல் நாளே வாங்க வேண்டாம். ஆனால் பிறகு வாங்கக்கூடியதாக முதல் நாளே தெரிவு செய்யுங்கள். பக்கற்றை ஆணி அடித்துப் பூட்டும் லோடரில் வேறொன்றை மாற்ற நேரமெடுக்கும். நெம்புகோலைத் தட்டியதும் கழரும் பொதுவான பூட்டு முறை இருந்தால், எந்தக் கொம்பனியின் போர்க்கும் பிளேட்டும் பூட்டலாம், பழையதும் மலிவாகத் தேடலாம். ஒரு கொம்பனிக்கு மட்டுமே பொருந்தும் பூட்டு என்றால் கடைசிவரை அவர்களிடமே போக வேண்டும்.

ரயரிலும் கவனம் தேவை. ஆழமான பட்டி உள்ளது வயலுக்கு, மெல்லிய பூ உள்ளது புல்லுக்கு, இடைப்பட்டது கட்டட வேலைக்கு. பனிக்கட்டி மேல் எதுவும் தனியே நிற்காது. பின்சில்லுக்குச் சங்கிலி போட இடைவெளி இருக்கிறதா என்று வாங்கமுன் அளந்து பாருங்கள்.

பழையது வாங்குவோர்

முதலில், "நான் வருமுன் ஸ்ராட் பண்ண வேண்டாம்" என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும். மணிக்கூட்டில் ஓடிய நேரம் குறைவாகக் காட்டி, மிதியின் றப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். எண்ணெய் பால் போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. லோடர் கைகளில் புதிதாக ஒட்டிய வெல்டிங், புதிதாக அடித்த பெயின்ற், ஆடும் ஆணிகள் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். பக்கற்றைத் தூக்கி நிறுத்தி என்ஜினை நிற்பாட்டிவிட்டு எட்ட நின்று பாருங்கள். வேகமாக இறங்கினால் ஹைட்ரோலிக்கில் ஒழுக்கு இருக்கிறது. ஒழுக்கைக் கையால் தேட வேண்டாம். ஊசித்துளையால் சீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். விரலையோ கையையோ வெட்டி எடுக்கும் நிலை வரலாம். ஒரு மட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

ஜப்பானில் உள்நாட்டுப் பாவனைக்கென்று செய்து, பாவித்த பின் வெளிநாடுகளுக்கு வரும் யந்திரங்கள் மலிவாக அகப்படும். என்ஜின் நல்லதாகவே இருக்கும். ஆனால் இங்குள்ள முகவர் அதற்குப் பாகம் தரமாட்டார். பலவற்றில் பாதுகாப்பு வளையமும் இராது. பெப்ரவரி மாதத்தில் ஒரு றப்பர் வளையத்துக்காக மூன்று கிழமை யந்திரம் நின்றால் வாடிக்கையாளர் நிற்கமாட்டார். கொம்பனிப் பெயரைவிட, பாகம் தரும் முகவர் எவ்வளவு கிட்ட இருக்கிறார் என்பதே முக்கியம்.

கியூபெக்கில் ஒரு சாமானின் மேல் கடன் பதியப்பட்டிருக்கிறதா என்று அரசாங்கத்தின் ஆர்.டி.பி.ஆர்.எம். பதிவேட்டில் சிறு கட்டணத்தோடு பார்க்கலாம். பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

உயிர் முதல்

சுவீடன் 1959இல் புதிய உழவு யந்திரங்களுக்குப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அதன் பின் அங்கே யந்திரம் புரண்டு சாவோர் தொகை பெருமளவு குறைந்தது. இருக்கைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் அந்த இரும்பு வளையம் அழகுக்கு அல்ல. வளையம் நிமிர்ந்திருந்தால் பெல்ற் கட்டாயம். இரண்டும் சேர்ந்தால்தான் காப்பாற்றும். வளையம் இல்லாத யந்திரத்தை எவ்வளவு மலிவென்றாலும் வாங்க வேண்டாம்.

பி.ரி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 தரம் சுற்றுகிறது. அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது சுற்று. சால்வை நுனி அகப்பட்டால் கழற்ற நேரமிராது. மூடி இல்லாத தண்டோடு வேலை செய்யக் கூடாது. புளோவர் அடைத்தால் என்ஜினை நிற்பாட்டி, எல்லாம் சுற்றி ஓய்ந்த பின் தடியால் குத்தி எடுங்கள், கையால் வேண்டாம். ஒழுங்கைகளில் பிள்ளைகள் பனிக்குவியலில் குகை தோண்டி விளையாடுவார்கள். குவியலைத் தள்ளுமுன் இறங்கிச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

கூட்டும் காப்புறுதியும்

தொழிற்சாலையில் கை நசுங்கினால் சி.என்.ஈ.எஸ்.எஸ்.ரி. பார்க்கும். சொந்த யந்திரத்தில் சொந்தத் தொழில் செய்பவருக்கு அந்தப் பாதுகாப்புத் தானாக வராது. தனிப்பட்ட பாதுகாப்புக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். எங்களோடு பேசிய பலருக்கு இது தெரிந்திருக்கவில்லை. நாலு குடும்பம் சாப்பிடும் வருமானம் ஒருவரின் காலில் நிற்கும்போது இது முதற் செலவாக இருக்க வேண்டும். பிறருடைய காரையோ சுவரையோ இடித்தால் பொறுப்பேற்கும் தொழில் காப்புறுதியும் வேண்டும். வீட்டுக் காப்புறுதி பொதுவாக இதற்கு உதவாது. பனி அள்ளும் தொழிலுக்கான விதிகள் போறோவுக்குப் போறோ வேறுபடும். பனியைத் தெருவில் தள்ளுவது குற்றப்பணத்தில் முடியும். போறோ அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டாக வாங்குவோர் யார் எவ்வளவு போட்டார், யார் ஓட்டுவார், உடைந்தால் யார் செலவு, ஒருவர் விலகினால் எப்படிப் பிரிப்பது என்பதை எழுதிக் கையொப்பமிடுங்கள். சொந்தக்காரருக்குள் எழுத்து எதற்கு என்று கேட்பார்கள். சொந்தம் நிலைக்க வேண்டும் என்பதற்குத்தான் எழுத்து.

நாங்கள் எடுத்த முடிவு இதுதான்: 25க்குச் சற்றுக் குறைந்த குதிரைவலு, ஹைட்ரோஸ்ரற்றிக், நான்கு அடி லோடர், கழற்றும் பூட்டு, பின்னால் புளோவர், கிட்ட ஒரு முகவர். கொம்பனிப் பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும். உங்கள் வேலை வேறென்றால் உங்கள் யந்திரமும் வேறாகத்தான் இருக்கும். பல வருடம் இரவு வேலை செய்து சேர்த்த காசு ஒரே நாளில் கைமாறுகிறது. அந்த நாளுக்கு முன் ஒரு தாளும் பேனையும் எடுத்து, குடும்பத்தோடு இருந்து, செய்யப்போகும் வேலையை எழுதிப் பாருங்கள். எந்த யந்திரம் என்பதை அந்தத் தாளே சொல்லும். சிலருக்கு, யந்திரமே வேண்டாம் என்றும் சொல்லும். அதுவும் இலாபம்தான்.